மிளகாய் எண்ணெயும் கற்கண்டும்

சாப்பிடும்போது புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று மற்ற ஊர்களில் உச்சந்தலையைத் தட்டிச் சொல்வார்கள், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும், நினைத்தது யார் என்று எவரும் செருப்பை மாட்டிக்கொண்டு விசாரிக்கக் கிளம்புவதில்லை. எங்கள் பர்மா காலனியில் மட்டும் புரையேறுவதை நாங்கள் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை, ஏனென்றால் எங்களுக்குப் பூங்காவனம் இருந்தாள், அவள் காய்ச்சும் மிளகாய் எண்ணெய் இருந்தது, அந்த எண்ணெயின் காரம் சாப்பிடுகிறவர் நாக்கில் எரியாது, சாப்பிடும் நேரத்தில் அவர் மனதில் யார் இருக்கிறாரோ அவர் நாக்கில் போய் எரியும்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் பூங்காவனத்தின் பக்கத்து வீட்டு மைமூன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் ஒரு தட்டு அத்தோ பிசைந்தாள். நூடுல்ஸில் முட்டைகோசும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் விட்டுக் கையால் பிசைவதுதான் அத்தோ, எங்கள் பெரியவர்கள் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தபோது யாரும் பறிக்க முடியாமல் கொண்டுவந்த ஒரே சொத்து. அதன் தலையில் பூங்காவனம் கொடுத்த எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு, ஆம்பூரில் இருக்கும் தன் நாத்தனாரை மனதாரத் திட்டிக்கொண்டே சாப்பிட்டாள். பூண்டு மொறுமொறுத்தது, எள் பல்லில் கடிபட்டது, காரம் மட்டும் கடுகளவும் இல்லை. மறுநாள் ஆம்பூரிலிருந்து செய்தி வந்தது. நாத்தனார் ஒரு துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று வாய் பற்றி எரிய, கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டக் கதறியிருக்கிறாள், செத்தவர் தூரத்து உறவுதான் என்றாலும் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று கூடியிருந்தவர்கள் மெச்சியிருக்கிறார்கள். மைமூன் கணக்குப் போட்டுப் பார்த்தாள், அன்று மாலையே இன்னொரு தட்டு பிசைந்தாள்.

எங்களுக்கு ஆச்சரியம் என்று பெரிதாக எதுவும் வரவில்லை. ஒரே ராத்திரியில் கடையும் வீடும் இன்னொருவருடையது என்று சொல்லப்பட்டுக் கட்டிய துணியோடு வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் நாங்கள்; அதையே நம்பியவர்களுக்கு இதை நம்புவதில் என்ன கஷ்டம்.

எண்ணெய் காய்ச்சுவதில் அவள் ஒளிவுமறைவு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, வாசல் கதவைத் திறந்து போட்டுக்கொண்டுதான் காய்ச்சுவாள். காம்பு கிள்ளிய குண்டு மிளகாயையும் நீட்டு மிளகாயையும் வெயிலில் சலசலவென்று காயவைத்து, ரொம்பவும் பொடியாக்காமல் விதை தெரிய இடித்து, அகலமான பாத்திரத்தில் உப்பும் எள்ளும் துளி சர்க்கரையும் சேர்த்துக் குவித்து வைப்பாள். கடலை எண்ணெயில் முதலில் சின்ன வெங்காயமும் பிறகு பூண்டும் பொன்னிறமாகப் பொரித்து எடுத்துவிட்டு, அடுப்பை அணைத்து, எண்ணெய் கொஞ்சம் மூச்சு விடும்வரை காத்திருப்பாள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மிளகாய் கருகிக் கசக்கும், ரொம்ப ஆறிவிட்டால் பச்சை வாசனை போகாது. சரியான சூட்டில் முதல் கரண்டி விழும்போது மிளகாய்க் குவியல் சுர்ரென்று பொங்கிச் சிவந்த நுரை கட்டும், அந்த மணம் தெருக்கோடி குழாயடி வரைக்கும் போகும், பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவர்கள் கழுவுவதை நிறுத்திவிட்டு மூச்சை இழுப்பார்கள். மைமூன் அவள் பக்கத்திலேயே நின்று அதே மிளகாயில் அதே எண்ணெயில் காய்ச்சிப் பார்த்தாள், அது மைமூன் வாயையே எரித்தது. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, ஒரு கைக்கு வாய்க்கிற ருசி இன்னொரு கைக்கு வாய்க்காது என்பது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அந்த எண்ணெய் எங்கள் வீடுகளில் தீப்பெட்டி போல, தண்ணீர்க் குடம் போல ஒரு சாமான் ஆகிவிட்டது. துபாயில் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்தியான வேளையில் நாக்கு சுர்ரென்றால் அம்மா சாப்பிட்டுவிட்டாள் என்று அர்த்தம், போன் செய்து கேட்க வேண்டியதில்லை. தண்ணீர் லாரி வராமல் குடங்கள் வரிசையில் காய்ந்தால் வீட்டுக்கு ஒருவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு டிரைவரை நினைப்போம், மத்தியானத்துக்குள் லாரி வந்து நிற்கும், தண்ணீர் கொண்டுவந்த மனுஷன் முதல் வேலையாக எங்களிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பான். பரீட்சை நடக்கிற வாரங்களில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் யாரும் எண்ணெயைத் தொடக் கூடாது என்று நாங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். காதலிக்கிறவர்கள் பாடு கொண்டாட்டம், சில நாள் திண்டாட்டம். ஒருத்தியை நினைத்து ஒருவன் பாட்டில் பாட்டிலாகக் காலி செய்தும் தன் நாக்கில் ஒரு பொறிகூட விழவில்லை என்று தெரிந்து தாடி வளர்த்ததும் எங்கள் தெருவில் நடந்ததுதான்.

நாக்கு எரிந்தால் தண்ணீர் கேட்காது, இனிப்புதான் கேட்கும். அதனால் ஆண்கள் சட்டைப் பையிலும் பெண்கள் இடுப்பு முடிச்சிலும் ஒரு சின்னப் பொட்டலம் கற்கண்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது, பழக்கம் வந்த பிறகு அதில் ஒரு பெருமையும் வந்தது, ஏனென்றால் பொட்டலம் சீக்கிரம் தீர்கிறவரை யாரோ அதிகம் நினைக்கிறார்கள். வரன் பார்க்க வருகிற தரகர்கூட மாப்பிள்ளையின் சட்டைப் பையைத்தான் முதலில் நோட்டம் விடுவார். தன்னை ஊரே நினைத்துக்கொண்டிருப்பதாக நம்பியிருந்த சங்கத் தலைவர் ஒருவர், நாக்கு ஒரு நாளும் எரியாத வெட்கத்தில், பிறர் பார்க்கும்போது சும்மாவே கற்கண்டைக் கடித்துக்கொண்டு சர்க்கரை வியாதியை வரவழைத்துக்கொண்டார்.

இறந்தவர்களின் விஷயம் வேறு. இறந்தவரை நினைத்துச் சாப்பிட்டால் காரத்துக்குப் போக இடமில்லை, புறப்பட்ட இடத்துக்கே, சாப்பிட்டவர் நாக்குக்கே திரும்பி வந்துவிடும். ரயில்வேயிலிருந்து ரிட்டயரான மரியதாஸ் அண்ணன் எங்கள் தெருவில் தினமும் வேர்க்க வேர்க்கச் சாப்பிடுகிற ஒரே ஆள். அவர் மனைவி ரோசி போய்ப் பல வருஷமாயிற்று. சோற்றில் எண்ணெயைப் பிசைந்து, கண்ணைத் துடைத்து, மூக்கை உறிஞ்சி, ஸ்ஸ் என்று சத்தம் போட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்வார். அவர் சாப்பிடும்போது நாங்கள் யாரும் அந்த வீட்டுக்குள் நுழைவதில்லை, இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் நுழைவதுபோல் கூச்சமாக இருக்கும்.

ஊருக்கே எண்ணெய் காய்ச்சிய பூங்காவனத்தின் வீட்டில் மட்டும் அந்த எண்ணெயை யாரும் வாயில் வைத்ததில்லை. உப்புப் பார்ப்பதுகூட மைமூன்தான், அதனால் ஆம்பூருக்கும் ஓய்வில்லை. காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். பூங்காவனத்தின் புருஷன் தணிகாசலம், மகள் சிந்துஜா மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊரில் நம்ம ஆட்கள் கடை வைத்துப் பிழைக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ரயில் ஏறினார், ஒரு முறை போன் செய்தார், குளிர் அதிகம் என்றார், அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. எல்லையில் கலவரம் என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், அந்தப் பக்கம் தாண்டிப்போய் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்றும் சொன்னார்கள், தேடிப்போன அவருடைய அண்ணன் கஜபதி இந்த மூன்றுக்கும் ஆதாரம் கிடைக்காமல் திரும்பி வந்தார். எண்ணெய்க்கு அந்தக் குணம் வந்தது அதற்கு மறு வருஷம்தான். ஒரு வாய் சாப்பிட்டால் போதும், நாக்கு எரிந்தால் தணிகாசலம் இல்லை, எரியாவிட்டால் எங்கேயோ இருக்கிறார், இருந்தும் வரவில்லை. இரண்டில் எது வந்தாலும் தாங்காது என்றுதான் பூங்காவனம் தானும் தொடவில்லை, மகளையும் தொட விடவில்லை. அவளுக்கு முந்தித் தெரிந்துகொள்வது நியாயமில்லை என்று கஜபதியும் நாங்களும்கூட அவரை நினைத்துச் சாப்பிட்டதில்லை. நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும் வாசலில் நின்று எண்ணெய் காய்ச்சினாள், ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஊற்றி வைத்தாள், சிந்துஜா பத்தாவது முடித்தாள், கல்லூரி முடித்தாள், ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்கும் சேர்ந்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. அத்தனை வருஷத்தில் பூங்காவனத்தின் நாக்கு ஒரு தடவைகூட எரிந்ததில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தூரத்தில் இருப்பவர்கள் நினைவுதான் வரும், வராதவர்கள், வர முடியாதவர்கள், கோபித்துக்கொண்டு போனவர்கள். எதிரில் நிற்கிறவளை, எண்ணெய் ஊற்றிக் கொடுத்தவளை, எவர் நினைப்பது? அவள் இடுப்பு முடிச்சில் கற்கண்டு இருந்ததில்லை. தேவைப்படவில்லை.

சிந்துஜாவுக்குக் கடலூரில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை நல்ல பையன், தாய் தகப்பன் இல்லாதவன், வளர்த்தது அவன் அத்தை நீலாவதி. நிச்சயம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது நீலாவதி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். பொண்ணோட அப்பா பேருக்கு முன்னாடி திருன்னு போடறதா, தெய்வத்திருன்னு போடறதா? ஒண்ணு சொல்லிட்டீங்கன்னா போட்டுடலாம்."

கஜபதி தொண்டையைச் செருமினார். "திருன்னு போட்டா, மண்டபத்துல ஆள் எங்கன்னு கேப்பாங்க. தெய்வத்திருன்னு போட்டா..." என்று தம்பி மனைவியின் நெற்றியைப் பார்த்தார், பார்த்துவிட்டு அவசரமாகக் காப்பியைப் பார்த்தார்.

"மணவறையில பொண்ணுக்குப் பக்கத்துல யாரு நிக்கிறதுன்றதும் அதுலதான் இருக்கு" என்றாள் நீலாவதி. குத்தலாகச் சொல்லவில்லை, சம்பிரதாயத்தைச் சம்பிரதாயமாகத்தான் சொன்னாள், அதனால்தான் அது அதிகம் உறுத்தியது. "உங்க தெருவுலதான் எண்ணெய் இருக்காமே. ஊரெல்லாம் சொல்றாங்க. ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்துட்டா தீந்துடும்ல?"

"அது இன்னா ஊறுகாயா, சாப்பிட்டுப் பாக்கறதுக்கு?" என்று மைமூன் பாய்ந்தாள். பூங்காவனம் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுடைய கவலை திருவும் இல்லை, தெய்வத்திருவும் இல்லை. பெற்று வளர்த்த பெண்ணுக்குத் தாலி ஏறும்போது தான் முன்னால் நிற்பதா, கூட்டத்தோடு கூட்டமாகத் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதா என்பதுதான். இதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை, முகத்திலேயே இருந்தது.

அவர்கள் கிளம்பிய பிறகு சிந்துஜா சொன்னாள்: "நான் சாப்பிடறேம்மா. எனக்கு அப்பா முகமே சரியா ஞாபகம் இல்ல. எது வந்தாலும் எனக்குத் தாங்கும்."

"பொய் சொல்லாதடி. நீ ரயில் சத்தம் கேட்டா இன்னிக்கும் வாசலுக்குப் போற. அந்தச் சேதி உன் நாக்குல விழ வேணாம். கட்டிக்கினவ நானு. என் நாக்குலயே விழட்டும்."

"அப்ப உன் நாக்கு மட்டும் இன்னா கல்லா?"

"போய் வெங்காயத்தை உரி" என்றாள் பூங்காவனம்.

மறுநாள் அவள் மரியதாஸ் அண்ணன் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள். "எப்படி இருக்கும்ண்ணா, அந்தக் காரம்?"

மரியதாஸ் அண்ணன் அவளுக்கு மேல்படியில் உட்கார்ந்தார். "சுடும்மா. பொய் சொல்ல மாட்டேன், மொத தடவை உசுரு போற மாதிரி சுடும். அப்புறம் நீயே எடுத்து ஊத்திக்குவ. வீட்ல யாரோ திட்டிக்கினே பரிமாறுற மாதிரி இருக்கும்." சட்டைப் பையிலிருந்து கற்கண்டுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "இத வச்சிக்கோ."

"எனக்கு எதுக்குண்ணா, என் வாய்தான் எரிஞ்சதே இல்லையே" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டாள். மரியதாஸ் அண்ணன் நீட்டிய பொட்டலத்தை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயில் பூசை முடிந்து மரியதாஸ் அண்ணனும் வந்துவிட, தெருவே அந்த வீட்டுக்குள்ளும் வாசலிலும் ஜன்னலிலும் நின்றது. யாரும் அழைக்கவில்லை, எங்களை அழைக்கவும் வேண்டியதில்லை. நீலாவதி முதல் பஸ்ஸில் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கஜபதி சுவரோரம் நின்றார். அன்று விடியற்காலையிலேயே பூங்காவனம் புதிதாக எண்ணெய் காய்ச்சியிருந்தாள், பழசில் சாப்பிட்டால் காரம் மட்டு என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதாம். மகளைச் சமையலறைக்குள் போகச் சொல்லிவிட்டு, தரையில் சம்மணமிட்டு, சூடான சோற்றில் எண்ணெயை ஊற்றி, பூண்டும் எள்ளும் எல்லாப் பக்கமும் படும்படி நிதானமாகப் பிசைந்தாள், பிசைந்து ஒரு கவளம் உருட்டினாள், கண்ணை மூடினாள். அவள் உதடு தணிகாசலத்தின் பெயரைச் சொல்வதை ஜன்னலோரம் நின்றவர்கள் பார்த்தார்கள். பிறகு எதையோ காது கொடுத்துக் கேட்கிறவள் போல் தலையை லேசாகச் சாய்த்தாள். அப்படியே கவளத்தை வாயில் போட்டாள்.

மென்றாள். விழுங்கினாள். முதலில் அவள் காது மடல் சிவந்தது, பிறகு மூக்கு நுனி, பிறகு மூடிய கண்களுக்குள்ளிருந்து நீர் இறங்கிக் கன்னத்தில் வழிந்தது, வாயைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அதை அப்படியே வைத்திருந்தாள், தண்ணீர் கேட்கவில்லை, ஸ் என்றுகூடச் சொல்லவில்லை.

"யா அல்லா" என்று மைமூன் வாயில் அடித்துக்கொண்டாள். கஜபதி சுவரோடு சரிந்து உட்கார்ந்து, "தம்பீ, தணிகாசலம்" என்று சின்னப் பிள்ளை போல் அழுதார். தேடிப்போய்க் கிடைக்காமல் திரும்பி வந்த நாளில் அழாத அழுகையை அன்று அழுதார். நீலாவதி எழுந்து நின்றாள். எங்களில் சிலர் பூங்காவனத்தின் பொட்டைப் பார்த்தோம், அப்படிப் பார்த்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறோம்.

அப்போது சமையலறையில் ஒரு பாத்திரம் உருண்டது. சிந்துஜா வெளியே ஓடிவந்தாள். முகவாயெல்லாம் எண்ணெய், நாக்கு வெளியே தொங்கியது, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகிற்று, கையில் இன்னும் கரண்டி. "அம்மா, காரம்மா" என்று குதித்தாள்.

"இவளும் சாப்பிட்டுட்டாளா?" என்று கஜபதி தலையைப் பிடித்துக்கொண்டார். "பாருங்கடா, ரெண்டு பேர் நெனச்சும் ரெண்டு பேருக்கும் திரும்பி வந்துடுச்சி. இனிமே சந்தேகமே இல்ல. போய்ட்டான் என் தம்பி."

"இல்ல பெரியப்பா, இல்ல." சிந்துஜா நாக்கைக் கையால் விசிறிக்கொண்டாள். "அம்மாவுக்கு முந்தி நான் தெரிஞ்சிக்கணும்னுதான் எடுத்தேன். அப்பாவை நெனைக்கலாம்னுதான் போனேன். கட்டம் போட்ட லுங்கி வந்துச்சி, மேல மூஞ்சி வரல. எவ்ளோ முயற்சி பண்ணியும் வரல. அடுப்பு முன்னாடி நிக்குமே அம்மா, அந்த முதுகுதான் வந்துச்சி. அதுக்குள்ள வாயில போட்டுட்டேன்." அம்மாவின் சிவந்த முகத்தைப் பார்த்தாள். "அது நான் போட்ட காரம்மா. உன் வாய்ல எரியறது என்னுது."

பூங்காவனம் கண்ணைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள், மகளின் நாக்கைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்தோம், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவர வாசல் வரைக்கும் கூட்டினு வந்துட்டேன்டி. சட்டைக் கையை மடிச்சிக்கினு வந்து நின்னாரு. அப்போ பாத்து உள்ள ஒரு சத்தத்தையும் காணோம். எப்பவும் பாத்திரத்த உருட்டிக்கினு இருப்பியே, இன்னிக்கு இன்னா சத்தமே காணோம், காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல, மயங்கி கியங்கி விழுந்துட்டாளான்னு நெனச்சேன். கை வாய்க்குப் போயிடுச்சி." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உன் வாய்ல எரியறது என்னுதுடி."

ஒருவர் நாக்கிலிருந்த நெருப்பு இன்னொருவருடையது, இடம் மாறி எரிந்துகொண்டிருந்தது, தணிகாசலம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எங்கே நின்றாரோ அங்கேயே நின்றார். மரியதாஸ் அண்ணன் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொரு கற்கண்டு கொடுத்தார்.

கஜபதி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மனுஷன் பாவம், அவருக்கும் ஒரு பதில் தேவைப்பட்டது. "சரிம்மா, தப்பாயிடுச்சி. பொண்ண வெளியே உக்கார வெச்சிட்டு இன்னொரு வாய் சாப்புடு. இந்தத் தடவ அவன மட்டும் நெனச்சிக்கோ."

"நெனைன்னு சொன்னா வரல மாமா, இவதான் வந்தா. நான் இன்னா பண்ண?" கன்னத்தில் கற்கண்டை ஒதுக்கிக்கொண்டே பூங்காவனம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இத்தன வருசம் அவரு இருக்காரா இல்லையான்னு பயந்துக்கினே எண்ணெய் காச்சினேன். இன்னிக்குத் தெரிஞ்சிக்கலாம்னு உக்காந்தா அவரு ஞாபகமே நிக்கல. பத்திரிகையில பூங்காவனம் மகள்னு போடுங்க. அவரு பேருக்கு முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம். கல்யாணத்தன்னிக்கு வந்து நின்னாருன்னா எல போடறேன், சாப்பிட்டுப் போவட்டும்."

"அப்ப மணவறையில நிக்கிறது?" என்றாள் நீலாவதி.

"நான்தான்" என்றாள் பூங்காவனம்.

நீலாவதி அவள் நெற்றியைப் பார்த்தாள், அவள் பின்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்தாள், கைப்பையை எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுது, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சம்பந்தம் நிற்குமா முறியுமா என்று தெரியாமல் சில நாள் தெருவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பிறகு கடலூரிலிருந்து பத்திரிகை வந்தது. பூங்காவனம் மகள் என்று மஞ்சள் தடவிய காகிதத்தில் அச்சாகியிருந்தது, எங்கள் தெருவில் எழுத்துத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் அதை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள்.

கல்யாணத்தன்று தணிகாசலம் வரவில்லை. தாலி கட்டும்போது பூங்காவனம் பெண்ணுக்குப் பக்கத்தில் அரக்குப் பட்டுப் புடவையில் நின்றாள், நீலாவதியின் பக்கத்து உறவுகளில் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள், முணுமுணுத்துவிட்டு அட்சதை போட்டார்கள். எங்கள் காலனிக் கல்யாணப் பந்தியில் இட்லி பொங்கலோடு ஒரு கை அத்தோவும் உண்டு, அத்தோ இருந்தால் எண்ணெயும் உண்டு. முதல் பந்தி உட்கார்ந்தது. பேசி வைத்துச் செய்ததில்லை, சத்தியமாக யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் எண்ணெய் இலையில் விழுந்ததும் மைமூன் கையை நிறுத்தி மணவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அவளைப் பார்த்து அவளுக்கு அடுத்தவர் பார்த்தார், ஆம்பூருக்கு அன்று ஒரு நாள் விடுமுறை கிடைத்தது. ரோசிக்காக இத்தனை வருஷம் வேர்த்த மரியதாஸ் அண்ணன், இன்னிக்கு மட்டும் பொறுத்துக்கம்மா என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு, வேர்க்காமல் சாப்பிட்டார். கஜபதி மட்டும் பந்தியின் கோடியில் தனியாக உட்கார்ந்து, எண்ணெயை அதிகமாகவே கேட்டு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். அவர் யாரை நினைத்தார் என்று எங்களுக்குத் தெரியும். அவர் பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்தாரா என்று நாங்கள் பார்க்கவில்லை, எல்லோரும் தலையைக் குனிந்து அவரவர் இலையைப் பார்த்துக்கொண்டோம். அவரும் இன்றுவரை சொல்லவில்லை.

மணவறையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற பூங்காவனம் திடீரென்று வாயைப் பொத்தினாள். காது சிவந்தது, மூக்கு சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது, ஒரு காரம் அடங்குவதற்குள் அடுத்தது, அதற்குள் அடுத்தது, பந்தி முழுக்க, தெரு முழுக்க. என்ன ஆயிற்று என்று நீலாவதி பதறவில்லை. பந்தியைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் வரவேற்புக்கு வைத்திருந்த சந்தனக் குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு மணவறை ஏறி, குங்குமத்தை எடுத்துப் பூங்காவனத்தின் நெற்றியில் தானே வைத்தாள், கற்கண்டு ஒன்றைப் பெரிதாகப் பார்த்து எடுத்து, "வாயைத் தொறங்க அண்ணி" என்று போட்டுவிட்டாள்.

அந்தப் போட்டோ இன்றும் எங்கள் வீடுகளில் இருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிக்கிறார்கள், பூங்காவனம் கண்ணெல்லாம் நீராக, ஒரு கன்னம் கற்கண்டில் புடைத்துக்கொண்டிருக்க நிற்கிறாள். பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று நினைத்த போட்டோக்காரர், வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும், "அழாதீங்கம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றிருக்கிறார்.

"அழலப்பா" என்றாளாம் பூங்காவனம். "எல்லாரும் சாப்பிட்டுக்கினு இருக்காங்க."